சைஸ்மைட் – அதிரடுக்கு

படிந்து இன்னும் இறுகாமல் இருந்த மணலும் சேறும் நிலநடுக்கத்தில் குலுங்கி, உள்ளமைப்பு கலைந்து, கலைந்த கோலத்திலேயே பின்னாளில் பாறையாகிவிட்டால் அந்த அடுக்குக்கு சைஸ்மைட் என்று பெயர். தமிழில் ‘நிலநடுக்கப் பாறை’ என்று எழுதிவிட்டுப் போகத் தோன்றும். அது சரிவராது. நிலநடுக்கம் எந்தப் பாறையையும் இங்கே உண்டாக்கவில்லை. ஏற்கெனவே படிந்து கிடந்ததைக் கலைத்தது, அவ்வளவுதான்.

இப்படியொரு அடுக்கைப் பாறையின் வெட்டுமுகத்தில் பார்த்தால் முதலில் குழப்பமாக இருக்கும். கீழே தாள் தாளாக, கோடு பிசகாத படலங்கள். அதற்கு மேல் ஒரு சாண் கனத்துக்கு எல்லாம் தாறுமாறு: மணல் உருண்டு திரண்டு கீழே இறங்கியிருக்கும், அந்த உருண்டைகளுக்கு நடுவே சேறு கூரிய நாக்குகளாக மேலேறியிருக்கும், சில படலங்கள் முறுக்கிக்கொண்டும் சில துண்டுபட்டும் கிடக்கும். அதற்கும் மேலே மறுபடி ஒன்றும் நடக்காததுபோல் நேரான படலங்கள். இந்த மூன்றாவது செய்திதான் முக்கியம். மலையெழும்போது பாறை மடிந்திருந்தால் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே மடிந்திருக்கும். நடுவில் ஒன்று மட்டும் கலைந்திருக்கிறதென்றால், மேலடுக்கு வந்து படிவதற்கு முன்பே, நடு அடுக்கு இளக்கமாக இருந்தபோதே அது நடந்து முடிந்துவிட்டது என்று பொருள்.

நடந்தது என்ன? நீர் ஊறிய தளர்ந்த மணலில் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நின்று மேற்சுமையைத் தாங்குகின்றன. குலுக்கும்போது துகள்கள் நெருங்கி அமரப் பார்க்கும். இடையிலிருக்கும் நீர் உடனே வெளியேற வழியில்லை. அதன் அழுத்தம் ஏறி ஏறி மேற்சுமைக்கு ஈடாகும் கணத்தில் துகள்களின் பிடி விட்டுப்போகிறது; மணல் திரவம்போல நடந்துகொள்கிறது. அப்போது கனத்த மணல் இலேசான சேற்றுக்குள் அமிழும், சேறு பிதுங்கி மேலே வரும், வெடிப்பு கிடைத்தால் மணலும் நீரும் பீறிட்டுத் தரைக்கே வந்துவிடும். 1934 பிகார் நிலநடுக்கத்திலும் 2001 பூஜ் நிலநடுக்கத்திலும் மண்ணைப் பிளந்து நீரும் மணலும் கொப்பளித்தது இதனால்தான். நீர் வடிந்ததும் துகள்கள் மீண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். உருவம் அப்படியே உறைந்துவிடும்.

இனி சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘சேயின்’ என்றால் குலுக்கு. ‘சேயிஸ்மோஸ்’ என்றால் குலுக்கம், நிலநடுக்கம். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஐட்’ கிராஃபைட், அம்மோனைட் ஆகியவற்றில் வரும் அதே விகுதி. 1969இல் ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் அடால்ஃப் செய்லாக்கர் இரண்டையும் இணைத்துப் பெயரிட்டார். அவர் கையிலிருந்த சான்று கலிஃபோர்னியாவின் மான்டெரே படிவுகள். அவற்றில் சில அடுக்குகளின் உச்சி கூழாகக் கரைந்திருந்தது, அதன்கீழ் நொறுங்கல், அதற்கும் கீழே சிறுசிறு பிளவுகளால் படிபடியாக வெட்டுண்ட பகுதி, அடியில் கலையாத படிவு. ஆழம் கூடக் கூடப் படிவு இறுகியிருந்ததால் ஒரே குலுக்கலுக்கு ஒவ்வொரு மட்டமும் ஒவ்வொரு விதமாக இணங்கியிருக்கிறது என்று அவர் வாசித்தார். அழகான வாசிப்பு.

ஆனால் பெயரில் ஒரு வம்பு இருக்கிறது. டெம்பஸ்டைட் என்றால் புயல் படியவைத்தது, டர்பிடைட் என்றால் கலங்கல் நீரோட்டம் படியவைத்தது. அதே வரிசையில் சைஸ்மைட்டை வைத்தால் நிலநடுக்கம் படியவைத்தது என்றாகிறது. அதைவிடப் பெரிய வம்பு, பெயரே தீர்ப்பையும் சொல்லிவிடுகிறது. புயலலைகளின் அடி, திடீரென்று மேலே வந்து குவிந்த வண்டலின் பாரம், சரிவில் நழுவுதல், விண்கல் மோதல் – இவை எல்லாமே இதேபோன்ற உருண்டைகளையும் நாக்குகளையும் உண்டாக்க வல்லவை. 2016இல் ஜி. சண்முகம் என்ற நிலவியலாளர் இப்படி 21 தூண்டுதல்களை எண்ணிக்காட்டி, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய நம்பகமான வழி வரும்வரை இந்தச் சொல்லால் பயனில்லை என்று வாதிட்டார்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சாக்கடல் கரையில் ஸேயெலிம் பகுதியின் ஏரிப் படிவுகளில் கலைந்த அடுக்குகளின் வயதைக் கணித்து, வரலாற்றில் பதிவான நிலநடுக்கங்களோடு பொருத்தியிருக்கிறார்கள், கி.மு. 31இல் நடந்ததும் 1927இல் நடந்ததும் அந்தப் பட்டியலில் உண்டு. எழுத்துச் சான்றும் மண்சான்றும் ஒத்துப்போகும் இடத்தில் பெயர் சூட்டத் தயங்குவானேன்? நூறு கோடி ஆண்டுப் பாறையில்தான் நிதானம் வேண்டும். அங்கே கலைந்த அடுக்கு வெகுதூரம் தொடர்கிறதா, அதே காலத்தில் அசைந்துகொண்டிருந்த பிளவு அருகில் உண்டா, பிளவை விட்டு விலக விலகக் கலைவு குறைகிறதா என்றெல்லாம் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது.

ஆகவே தமிழில் இரண்டு சொற்கள் தேவை. கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்கு ஒன்று, காரணம் உறுதியானபின் சொல்ல ஒன்று. முதலாவதற்குக் ‘குழைநிலைத் திரிபு’ பொருந்தும். மண் குழைந்திருந்த நிலையில் நேர்ந்த திரிபு. எது குழைத்தது என்று அது சொல்வதில்லை. ‘மென்படிவு உருக்குலைவு’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் குலைவு என்றால் அழிவு என்ற சாயல் வந்துவிடுகிறது. இங்கே உருவம் அழியவில்லை, மாறியிருக்கிறது.

இரண்டாவதற்கு ‘நடுக்கப் படிவு’ என்று முதலில் தோன்றும். டெம்பஸ்டைட் வரிசையின் பிழை அதிலும் அப்படியே இருக்கிறது. அதனால் ‘அதிரடுக்கு’ என்பதே என் தேர்வு. அதிர்ந்த அடுக்கு என்று விரியும் வினைத்தொகை. படிந்தது எதனால் என்று அது பேசாது. படிந்தபின் அதிர்ந்தது என்று மட்டும் சொல்லும். கிரேக்கச் சொல்லைவிட இது துல்லியம். இலங்கையில் படிவை ‘அடையல்’ என்பார்கள். ‘அடுக்கு’ என்று வைத்துக்கொண்டால் இரு வழக்குக்கும் இடைஞ்சல் இல்லை.

கள ஏட்டில் ‘மணற்கல்லில் குழைநிலைத் திரிபு, கனம் 20 செ.மீ., மேலும் கீழும் கலையாத படலங்கள்’ என்று எழுதலாம். சேற்று நாக்குகளைச் ‘சுடரமைப்பு’ என்றும், அமிழ்ந்த மணல் உருண்டைகளை ‘அழுந்துருண்டை’ என்றும், வெடிப்பில் ஏறி உறைந்த மணலை ‘மணற்செருகல்’ என்றும் குறிக்கலாம். ‘அதிரடுக்கு’ என்ற சொல் அந்த ஏட்டில் வரக் கூடாது. பிளவும் வயதும் பரப்பும் பார்த்தபின் எழுதும் கட்டுரையில்தான் அதற்கு இடம்.