சூழல் நீதி: சொல் விளக்கம்

நச்சுக் கழிவு யார் வீட்டருகே போய்ச் சேர்கிறது, காட்டைக் காப்பதன் பெயரால் யார் வெளியேற்றப்படுகிறார்கள், அதை முடிவு செய்யும் கூட்டத்தில் அவர்களுக்கு இடம் உண்டா? இந்த மூன்று கேள்விகளும் சேர்ந்ததுதான் சூழல் நீதி. ஆங்கிலத்தில் 'என்விரான்மென்டல் ஜஸ்டிஸ்'.

சொல் வேரூன்றியது அமெரிக்காவில். 1978-இல் வட கரோலினாவின் சாலையோரங்களில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த கழிவெண்ணெயைச் சிலர் இரவோடு இரவாகக் கொட்டினர். அதனால் நஞ்சேறிய மண்ணை அள்ளிப் புதைக்க மாநில அரசு தேர்ந்தெடுத்தது வாரன் கவுண்டியை. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழைப் பகுதி அது. நிலத்தடி நீரும் அங்கே அதிக ஆழத்தில் இல்லை. 1982-இல் மக்கள் சாலையில் படுத்து லாரிகளை மறித்தனர். 500-க்கும் மேற்பட்டோர் கைதாகியும் மண் அங்கேதான் புதைக்கப்பட்டது. 1991-இல் வாஷிங்டனில் கூடிய, வெள்ளையரல்லாத மக்களின் சூழல் மாநாடு 17 கொள்கைகளை வகுத்தபோது சொல்லின் பொருள் விரிந்து உறுதிப்பட்டது.

தமிழில் 'சுற்றுச்சூழல் நீதி' என்றே பலர் எழுதுகிறார்கள். 'சூழ்' என்றாலே சுற்றியிருத்தல்தான். ஆகவே 'சூழல் நீதி' போதும். இந்த வேருக்குக் கலந்து ஆராய்தல் என்ற பொருளும் உண்டு. குறளில் 'சூழ்வார்' என்பவர் ஆராய்ந்து அறிவுரை சொல்பவர். கலந்து பேசாமல் எடுத்த முடிவு நீதியாகாது என்ற கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. 'நீதி' வடசொல், அதற்கு ஈடான பழைய தமிழ்ச்சொல் 'முறை'. ஆனால் 'சூழல் முறை' என்றால் இன்று ஏதோ வேளாண் உத்தி என்று நினைப்பார்கள். எனவே நீதியே இருக்கட்டும். 'சூழல் சமத்துவம்' பொருந்தாது. ஏற்கெனவே நஞ்சைச் சுமப்பவருக்கும் சுமக்காதவருக்கும் இனி ஒரே அளவு என்பது பழைய பாதிப்பை அப்படியே விட்டுவிடும்.

நடைமுறையில் இதன் அளவுகோல் ஒப்புதல். பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த 2007-ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனம் அதற்கு மூன்று அடைமொழிகள் தருகிறது: வற்புறுத்தலற்ற, முன்கூட்டிய, விவரமறிந்த. பெரும்பாலும் தவறுவது நடுவில் இருப்பது. இடத்தைத் தேர்ந்து, வரைபடம் போட்டு, நிதியும் ஒதுக்கிய பிறகு கூட்டும் கூட்டத்தில் மக்களால் எதையும் மாற்ற முடியாது. வேலைநாள் பகலில் கூட்டினால் தினக்கூலிக்காரர் வரமாட்டார். அறிக்கை அவர் மொழியில் இல்லையென்றால் வந்தும் பயனில்லை. இழப்பீட்டை நிலப்பத்திரம் பார்த்து மட்டும் கொடுத்தால், பொதுநிலத்தில் ஆடு மேய்ப்பவரும் விறகு, தேன் எடுப்பவரும் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

மரம் நடும் திட்டங்களுக்கெல்லாம் இந்தச் சொல்லைச் சூட்டுவது தவறு. மேய்ச்சல் நிலத்தை, மேய்ப்பவரைக் கேட்காமல் வேலியிட்டு நட்டால் அது காடு வளர்ப்பு. சூழல் நீதி அல்ல.