‘பாலியேட்டிவ்’ என்ற சொல்லும் ‘தணி’ என்ற வினையும்

பெரியம்மா ஐசியூவுக்குப் போன பதினோராவது நாள், டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு, "பாலியேட்டிவ் கேர் டீமையும் வந்து பார்க்கச் சொல்லியிருக்கேன்" என்றார். அண்ணன் உடனே, "அப்போ கைவிட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டார். டாக்டர் பதறிப்போய் இல்லை இல்லை என்றார், ஆனால் அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல அவருக்கும் வரவில்லை. கடும் நோயில் வலி, மூச்சுத்திணறல் போன்ற வேதனைகளைக் குறைத்து, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்கும் மருத்துவம் அது.

அந்தச் சொல்லின் வேர் லத்தீன். ‘பல்லியம்’ என்றால் உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் மேலாடை. அதிலிருந்து வந்த வினைக்குப் போர்த்துதல், மூடுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் அதற்கு ரொம்ப நாள் நல்ல பெயர் கிடையாது. குற்றத்தை மூடி மழுப்புவதற்கும் அதே சொல், நோயின் மூலத்தைத் தொடாமல் வேதனையை மட்டும் குறைப்பதற்கும் அதே சொல். அதை ஒரு மருத்துவத் துறையின் பெயராக்கியவர் கனடாவைச் சேர்ந்த பால்ஃபர் மவுன்ட் என்ற அறுவை மருத்துவர். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1967-இல் தொடங்கிய ஹாஸ்பிஸை, அதாவது இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை, பார்த்துவிட்டு வந்து, மான்ட்ரியலில் ராயல் விக்டோரியா மருத்துவமனைக்கு உள்ளேயே 1975-இல் ஒரு பிரிவைத் திறந்தார். பிரெஞ்சு பேசும் ஊரில் ‘ஹாஸ்பிஸ்’ என்றால் போக்கிடம் இல்லாதவர்களின் விடுதி என்று காதில் விழும், அதனால்தான் வேறு பெயர் தேடினார். ஆக, இந்தப் பெயர் பிறந்ததே பெரிய மருத்துவமனையின் ஒரு வார்டில்தான். ஐசியூவுக்குள் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, தமிழில்? 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ‘நோய் ஆதரவு சிகிச்சை’ என்கிறார்கள். நல்ல மனசோடு வைத்த பெயர், ஆனால் நோய்க்கு ஆதரவா என்று ஒரு நொடி தடுக்குகிறது. ‘வலி நிவாரணம்’ பாதிதான் சொல்கிறது: மூச்சுத்திணறல், குமட்டல், பயம், கடன் கவலை எல்லாம் எங்கே போவது? ‘இறுதிக்காலப் பராமரிப்பு’ தப்பே தப்பு. நோய் தெரிந்த தொடக்கத்திலேயே, மற்ற சிகிச்சையோடு சேர்த்தே இதைத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2002-லேயே சொல்லிவிட்டது. மலையாளத்தில் ‘சாந்த்வன பரிசரணம்’, அதாவது ஆறுதல் தரும் பராமரிப்பு. 1993-இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய வேலை கேரளம் முழுக்கப் பரவியபோது அந்தப் பெயரும் சாதாரண ஜனங்கள் வாயில் ஏறிவிட்டது.

என் தேர்வு ‘தணிப்பு மருத்துவம்’, பேச்சில் ‘தணிப்புச் சிகிச்சை’. தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, வெயில் தணிகிறது, கோபம் தணிகிறது. இருப்பது போய்விட்டது என்று யாரும் பொய் சொல்வதில்லை, ஆனால் தாங்கமுடிகிறது. நோயோடு இந்த வினை சேர்வதும் புதிதில்லை, ‘நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி’ என்று குறளிலேயே இருக்கிறது. அங்கே உரைகாரர்கள் ‘தீர்க்கும்’ என்றே பொருள் கொள்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய பேச்சில் தீர்வது வேறு, தணிவது வேறு. அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

தீவிர சிகிச்சையில் இதன் வேலை என்னவென்று கிட்டே இருந்து பார்த்தேன். செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்தபின் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. பாலியேட்டிவ் குழுவின் டாக்டர், வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் அபின் வகை மருந்தான மார்ஃபினை மிகக் குறைந்த அளவில் போடச் சொன்னார், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னார், காய்ந்து வெடித்த உதட்டை ஈரப் பஞ்சால் நனைக்க அக்காவுக்குக் காட்டிக்கொடுத்தார். அப்புறம் எங்களை உட்காரவைத்து, பெரியம்மா எதை விரும்புவார், எதை வேண்டாம் என்பார் என்று கேட்டார். ஆன்டிபயாடிக் எதையும் நிறுத்தவில்லை.

இதையெல்லாம் படிப்பில் சொல்லித்தர வேண்டும், பல தலைமுறை மருத்துவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 1985-இன் போதைப்பொருள் சட்டம் வந்தபின் மார்ஃபினுக்கு உரிமம் வாங்குவதே பெரும்பாடாகி, 2014-இல் அதைத் திருத்தும்வரை, மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கியவர்கள் உண்டு. எம்.டி. தணிப்பு மருத்துவம் என்ற மேற்படிப்பு மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கியதே 2012-இல்தான். எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் இதற்கு இடம் இருக்கிறது, மோசமான செய்தியை எப்படிச் சொல்வது என்பதும் சேர்த்து. அந்த வகுப்பு தமிழ்நாட்டில் நடக்கும்போது, நோயாளியின் அண்ணனிடம் சொல்லத் தமிழ்ச் சொல் ஒன்றும் கூடவே கற்பிக்கப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்ட அண்ணன், யாரும் சொல்லித்தராமலே, "மூச்சுத்திணறல் கொஞ்சம் தணிஞ்சிருக்கு சித்தப்பா, தூங்குறாங்க" என்றார்.