ஒட்டடை என்று தட்டிவிடும் முன்

தேன்சிட்டின் கூட்டைப் பார்க்கும் பலருக்கு அது கூடு என்றே தோன்றுவதில்லை. போர்டிகோ விளக்கின் ஒயரிலோ, துணி காயப்போடும் கொடியிலோ, மல்லிகைப் பந்தலின் ஓரத்திலோ குப்பைச் சுருள் போல ஏதோ தொங்கும். காய்ந்த நார், மரப்பட்டைத் துணுக்கு, கம்பளிப்புழுவின் எச்சம், இவற்றையெல்லாம் இழுத்துக் கட்டியிருக்கும் சிலந்தி நூல். பாதிக்குப் பாதி ஒட்டடையேதான். காக்கையின் கண்ணில் படாமலிருக்க இந்த வேஷம் உதவுகிறது. ஆனால் போகிக்கு முந்தின வாரம் ஒட்டடைக்கோலோடு வருபவருக்கு அது சுத்தம் செய்யவேண்டிய அழுக்கு. பண்டிகை நெருங்கினாலே என் கிளினிக்குக்கு அட்டைப்பெட்டியில் குஞ்சுகள் வரத் தொடங்கிவிடும்.

"டாக்டர், எங்க வீட்டுல ஹம்மிங்பேர்ட் கூடு கட்டியிருக்கு" என்று வீடியோ அனுப்புகிறவர்களும் உண்டு. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் பறவை. நம் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. பத்து சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆணுக்கு வயிறு மஞ்சள், முதுகு அரக்குச் சிவப்பு. பெண்ணுக்கு மேலே சாம்பல் கலந்த பழுப்பு, கீழே வெளிர் மஞ்சள். உடலெல்லாம் கருநீலமாக மினுங்கினால் அது ஊதாத் தேன்சிட்டின் ஆண்.

கூடு கட்டும் வேலை முழுக்கப் பெண்ணுடையது. ஆண் கூடவே பறந்து போகும், வரும், அவ்வளவுதான். பொதுவாக இரண்டு முட்டை. அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறந்து வெளியேற இன்னும் இரண்டரை வாரம். ஆக, முட்டை இட்டதிலிருந்து ஐந்து வாரம் அந்த விளக்கையோ கொடியையோ விட்டுக்கொடுத்தால் போதும். அடிக்கடி எட்டிப் பார்க்காதீர்கள், செல்போனைக் கூட்டு வாசலுக்குள் நீட்டாதீர்கள். நாலைந்து அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே எல்லாம் தெரியும்.

குஞ்சு கீழே விழுந்துவிட்டால்? முதலில் இறகைப் பாருங்கள். உடம்பு முழுக்க இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகும் குஞ்சு. தாய் பக்கத்துச் செடியில்தான் இருக்கும். பூனை எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எங்களிடம் வரும் குஞ்சுகளில் கணிசமானவை இப்படித் தாயின் கண் முன்னாலேயே 'காப்பாற்றப்பட்டவை'.

இறகு முளைக்காத சிறு குஞ்சென்றால் கூட்டுக்குள் திருப்பி வைக்க வேண்டும். உடம்பு சில்லிட்டிருந்தால் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிய பிறகு வையுங்கள். "கையால தொட்டுட்டோமே, இனி அம்மா சேர்த்துக்குமா?" என்ற கேள்வி தவறாமல் வரும். சேர்த்துக்கொள்ளும். மனித வாடை பட்டதற்காகத் தாய்ப்பறவை குஞ்சை ஒதுக்குவதில்லை. கூடே அறுந்து விழுந்திருந்தால், அதே இடத்தில் நூலால் கட்டித் தொங்கவிடலாம். பிய்ந்து போயிருந்தால், அடியில் துளையிட்ட சிறு கப்பில் அந்தக் கூட்டின் பஞ்சையே பரப்பிக் குஞ்சை உள்ளே வைத்து, வெயில் படாமல் அங்கேயே கட்டுங்கள். பிறகு வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகக் கவனியுங்கள். பக்கத்தில் நின்றால் தாய் வராது.

தயவுசெய்து பால் கொடுக்காதீர்கள். பாலில் நனைத்த பிரட்டும் வேண்டாம். இங்க் ஃபில்லரால் வாயில் தண்ணீர் விட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பசியில் சாகாத குஞ்சு இதில் செத்துவிடும். தாய் வரவேயில்லை என்பது உறுதியானால் மட்டும், காற்றுத் துளையுள்ள பெட்டியில் துணி விரித்து, இருட்டாகவும் கதகதப்பாகவும் வைத்துக் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கொண்டு போங்கள். பூனை கவ்விய குஞ்சை, காயமே தெரியாவிட்டாலும் அன்றே கொண்டுவர வேண்டும். பூனையின் எச்சிலில் உள்ள பாக்டீரியா ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

தேன்சிட்டு தேனை மட்டும் குடித்து வாழ்வதில்லை. குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் சிலந்தியும் சிறு பூச்சிகளும். மாடித் தோட்டக்காரர்களிடம் இதைத்தான் நான் அதிகம் சொல்கிறேன். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்ததும் இமிடாக்ளோப்ரிட் வாங்கித் தெளிக்கிறார்கள். அது செடிக்குள் ஊடுருவிப் பூந்தேன் வரை போகும் மருந்து. அதற்குப் பதில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். இணையத்தில் விற்கும் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவையும் நம் ஊருக்கு அவசியமில்லை என்பது என் கருத்து. இந்த வெயிலில் அது சீக்கிரம் புளித்துவிடும். செம்பருத்தி, இட்லிப்பூ, ஒரு வாழை இருந்தால் தானாக வரும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள்தான் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடச் சொல்லவில்லை. பெயின்ட் அடிக்க வருபவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தேன்சிட்டு கார்க் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கும். அதற்குப் பைத்தியமில்லை; கண்ணாடியில் தெரிவதை எதிராளி என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டிவிடுங்கள், அடங்கிவிடும்.