பார்க்காத நோயாளிக்கு நோய் சொல்பவர்

அமெரிக்காவில், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1910 வாக்கில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் ஒரு வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். சிக்கலான ஒரு நோயாளியின் விவரத்தை, முடிவை மட்டும் மறைத்து, அவரைப் பார்த்தே இராத நிபுணரிடம் கொடுப்பார்கள். அவர் மேடையேறி எல்லோர் முன்னாலும் வாய்விட்டு யோசித்து, இது இன்ன நோய் என்று சொல்ல வேண்டும். அப்புறம் நோய்க்குறியியல் மருத்துவர் எழுந்து, திசுவையோ பிரேதப் பரிசோதனையையோ காட்டி விடையை உடைப்பார்.

நிபுணர் எப்படி யோசிக்கிறார்? நோயாளிக்குக் காய்ச்சல், சோர்வு, எடைக் குறைவு, கூடவே ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளையணுக்கள் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலைப் பிடித்துக்கொண்டு போனால் பட்டியலுக்கு முடிவே இராது. ஈசினோஃபிலைப் பிடித்தால் சட்டென்று சுருங்கிவிடும்: குடற்புழு, மருந்து ஒவ்வாமை, சில ரத்தநாள அழற்சிகள், சில நிணநீர்ப் புற்றுகள், இன்னும் கொஞ்சம். பிறகு ஒவ்வொன்றையும் மற்ற அறிகுறிகளோடு பொருத்திப் பார்த்து அடித்துக்கொண்டே வரலாம். பிடி தப்பினால் சரியான நோய் பட்டியலுக்குள்ளேயே வராது.

சரி, எவ்வளவு தூரம் பலிக்கிறது? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் இன்டர்னிஸ்ட்-1 என்ற, நோய் கண்டுபிடிக்கும் கணினி நிரலைச் சோதிக்க இப்படிப்பட்ட 19 கேஸ்களை எடுத்தார்கள். 1982இல் முடிவு வெளியானது. உறுதியான நோய்கள் மொத்தம் 43. மேடை நிபுணர்கள் 35ஐப் பிடித்தார்கள். நோயாளியை நேரில் கவனித்த மருத்துவர்கள் 28, நிரல் 25.

தொட்டுப் பார்த்தவரைவிடத் தாளில் படித்தவர் முந்தியதில் எனக்கு வியப்பில்லை. அந்தத் தாள் ஏற்கெனவே சலித்தெடுத்தது. வார்டில் நிற்பவருக்கோ எது முக்கியம் என்று சொல்ல ஆளில்லை. இன்று ராத்திரியே மருந்தும் தொடங்கியாக வேண்டும். மேடைக்கு வந்த கேஸ் வெறும் வைரல் காய்ச்சலாக இருக்காது என்பதும் நிபுணருக்குத் தெரியும். வார்டில் அப்படி நினைத்தால் ஆபத்து, மேடையில் அது சாமர்த்தியம். கடைசியில் ஒரு பரிசோதனை செய்தார்கள் என்ற வரிகூடத் துப்புதான்: ஒரே சோதனையில் உறுதியாகிற நோய் எது என்று தேடலாம். இத்தனை இருந்தும் 8 தவறியது.

2023இல் இதே பரீட்சையை ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு நிரலுக்கு வைத்தார்கள். 70 கேஸ்களில் அதன் முதல் ஊகம் 39 சதவீதம் சரி. பட்டியலில் எங்காவது சரியான நோய் இருந்தது 64 சதவீதத்தில். அதன் கையில் கொடுத்ததும் சலித்த தாள்தான்.