பிளாஸ்மோனிக் ட்வீசர்: இடுக்கியா, சாமணமா?

தண்ணீரில் அலைந்து திரியும் ஒரு குவாண்டம் புள்ளியை (சில நானோமீட்டர் அளவேயுள்ள நுண்படிகம்; நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு), தங்கத்தில் வடித்த நானோ அமைப்பின் துணையோடு ஒளியால் பிடித்து நிறுத்தும் உத்திக்குப் ‘பிளாஸ்மோனிக் ட்வீசர்’ என்று பெயர். தமிழில் இதை எப்படிச் சொல்வது?

முதலில் ட்வீசர். பிரெஞ்சில் ‘எத்துயி’ என்றால் சிறு கருவிகளை வைக்கும் உறை. ஆங்கிலத்துக்குள் நுழைந்தபின் உறையின் பெயர் உள்ளே இருந்த கருவிக்கு ஒட்டிக்கொண்டது. நம் இலக்கணப்படி இடவாகுபெயர். பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கினும் தோழர்களும் 1986இல் ஒற்றை லேசர் கற்றையை இறுக்கிக் குவித்து நுண்துகள்களைப் பிடித்துக் காட்டினார்கள். ஒளி செறிந்த இடத்தை நோக்கித் துகள் இழுபடும் என்பதே சூட்சுமம். அந்த உத்திதான் பிறகு ‘ஒளி ட்வீசர்’ ஆனது. ஆஷ்கினுக்கு நோபல் பரிசு வந்தது 2018இல், அவருடைய 96ஆவது வயதில்.

இதை ‘ஒளியியல் இடுக்கி’ என்று பெயர்க்கத் தோன்றும். எனக்கு இரண்டு பாதியிலும் உடன்பாடில்லை. ஒளியியல் என்பது ஒளியைப் பற்றிய படிப்பு; துகளைப் பிடிப்பது படிப்பல்ல, ஒளி. இடுக்கி என்றதும் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும் கருவிதான் கண்முன் வருகிறது. ‘ஒளிப்பொறி’யும் உதவாது. பொறி என்றால் எலிப்பொறியும் உண்டு, தீப்பொறியும் உண்டு. ஒளியோடு சேர்ந்தால் எல்லாரும் தீப்பொறியைத்தான் நினைப்பார்கள். பொற்கொல்லர் பட்டறையில் பொடி மணியை எடுக்கும் சாமணம் இருக்கிறதே, அதுவே பொருத்தம்: ஒளிச்சாமணம்.

ஒளிச்சாமணம் இருக்கத் தங்கம் எதற்கு? ஒளி ஓர் அலை. எவ்வளவு நல்ல வில்லையாலும் அதை அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் கீழே குவிக்க முடியாது; அதாவது சில நூறு நானோமீட்டர். குவாண்டம் புள்ளியோ பெரும்பாலும் 2 முதல் 10 நானோமீட்டர். பிடிப்பு விசை துகளின் பருமனோடு (கன அளவோடு) குறைவதால், 50 நானோமீட்டர் துகளை விட 5 நானோமீட்டர் துகளின் மீது அது 1000 மடங்கு வலுவிழக்கும். நீர் மூலக்கூறுகளின் மோதலில் புள்ளி நழுவி ஓடிவிடும். இரண்டு தங்கத் துணுக்குகளைச் சில நானோமீட்டர் இடைவெளியில் நிறுத்தி ஒளி பாய்ச்சினால், தங்கத்தின் எலக்ட்ரான்கள் கூட்டமாக முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் ஒளியின் ஆற்றலை இடுக்குக்குள் திரட்டிவிடும். கூரான தங்க முனையால் இப்படிப் பிடிக்கலாம் என்று லூகாஸ் நொவோட்னியும் சகாக்களும் 1997இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2010இல் ஜப்பானில் யசுயுகி சுபோயி குழுவினர் தங்க இணைகளின் இடுக்கில் குவாண்டம் புள்ளிகளையே பிடித்தார்கள். ஒரு தொல்லை: தங்கம் சூடாகும், சுற்றியுள்ள நீரும் நகரத் தொடங்கும். புள்ளி அங்கே நிற்பது ஒளியாலா, வெப்பத்தாலா என்று பிரித்தறிவது எளிதல்ல.

எலக்ட்ரான்களின் அந்தக் கூட்டு ஆட்டம்தான் பிளாஸ்மான். கிரேக்கத்தில் ‘பிளாஸ்மா’ என்றால் வடிக்கப்பட்டது. பிளாஸ்டிக்கும் அதே வேரிலிருந்து வந்தது. மின்னேற்ற வளிமத்துக்கு அப்பெயரை 1928இல் இட்டவர் இர்விங் லாங்முயிர். எலக்ட்ரான், புரோட்டான் வரிசையில் ‘ஆன்’ ஈறு சேர்த்தது டேவிட் பைன்ஸ், 1956இல். எலக்ட்ரானை ஏற்றுக்கொண்ட தமிழ் இதையும் ஏற்கலாம். ஆக, பிளாஸ்மான் சாமணம்.

குவாண்டம் லத்தீன், ‘எவ்வளவு’ என்று கேட்கும் சொல். ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட படிகத்தைப் புள்ளி என்பது சரியா என்றால், சரிதான்: நீள அகல உயரம் எல்லாத் திசையிலும் எலக்ட்ரான் அடைபட்டுக் கிடக்கிறது. அடைப்பு இறுக இறுகப் புள்ளி உமிழும் ஒளியின் நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகரும். ஆகவே புள்ளியைப் பிடிப்பதை ‘சிறைப்படுத்தல்’ என்று எழுதாதீர்கள். சிறை உள்ளிருக்கும் எலக்ட்ரானுக்கு; புள்ளிக்குப் ‘பிடித்தல்’ போதும்.