தரையில் நன்றாக ஓடிய எஞ்சின் மேலே போனதும் ஏன் நிற்கிறது?

"அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டுகிறார்களாமே, தரையில் மணிக்கணக்காக ஓடிய எஞ்சின் முதல் டேக்-ஆஃபில் எப்படி நிற்கும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கட்டுவது உண்மைதான். பாதிக்கு மேற்பட்ட வேலையை அமெச்சூர்கள் தாங்களே செய்திருந்தால் சட்டம் அனுமதிக்கிறது. பெரும்பாலும் முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறப்பு. பயணிகளை ஏற்றக் கூடாது. இவற்றின் விபத்துகளை அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் அலசியபோது எஞ்சின் கோளாறும் கட்டுப்பாடு இழப்பும்தான் முன்னால் நின்றன.

எஞ்சின் நிற்கக் காரணங்கள் பல. அதில் ஒன்று விசேஷமானது: எந்தப் பாகமும் பழுதாகாமலே நிற்கும்.

பம்பு இல்லாத சிறு விமானத்தில் இறக்கையிலுள்ள டாங்கிலிருந்து பெட்ரோல் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்குகிறது. டாங்க் 60 செ.மீ. மேலேயும் ஒன்றரை மீட்டர் பின்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூக்கு 15 டிகிரி தூக்கியதும் முன்னாலிருக்கும் கார்புரேட்டரும் உயர்கிறது; 60 செ.மீ. வித்தியாசம் 20-க்குச் சுருங்குகிறது. மொட்டைமாடித் தொட்டிக்கு நேர்கீழ் வீட்டுக் குழாயில் தண்ணீர் மெலிந்து வருமே, அதே கதை. வரத்து ஏறக்குறைய பாதியாகிவிடும். எஞ்சினோ அப்போதுதான் முழு வேகத்தில் குடிக்கிறது.

உடனே நின்றாலாவது ஓடுதளத்திலேயே இறங்கிவிடலாம். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது. அது தீரும்போது விமானம் ஓடுதளத்தைத் தாண்டி, நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும். திரும்பி வந்துவிடலாம் என்று 45 டிகிரி சாய்த்தால், அதே உயரத்தைக் காக்க முயலும் விமானத்துக்கு ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) 19 சதவீதம் கூடுகிறது. அப்புறம்தான் கட்டுப்பாடு இழப்பு. நேராக முன்னால் கிடைக்கும் வயலில் இறக்குவதே மேல்.

ஓடுதளத்தில் வேகமாக ஓட்டிப் பார்ப்பதை நம்பி ஏறுகிறவர்கள் உண்டு. மூக்கு மட்டமாக இருக்கையில் 60 செ.மீ. அப்படியே இருக்கும், சோதனை எதையும் காட்டாது. உபயோகமானது வாளிச் சோதனைதான். மூக்கை ஏறும் கோணத்துக்கும் சற்று மேலாகத் தூக்கி நிறுத்தி, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு நேரம் பார்க்க வேண்டும். எஞ்சின் குடிப்பதில் 150 சதவீதம் வர வேண்டும். பம்பு இருந்தால் 125. நூறு குதிரைத்திறன் எஞ்சினுக்கு, பம்பு இல்லாமல், ஐந்து நிமிடத்தில் நாலேகால் லிட்டருக்கு மேல். வருடக்கணக்காகக் கட்டியவர் இதற்கு ஒரு சாயங்காலம் ஒதுக்க மாட்டாரா என்று எனக்குத் தோன்றும். ஒதுக்காதவர்கள் இருப்பதால்தான், எரிபொருள் அமைப்பைச் சோதித்த விவரத்தைப் பறக்கும் தகுதிச் சான்றிதழுக்கு முன்பே வாங்கச் சொல்லி அந்த வாரியம் பரிந்துரைத்தது.