முறுக்கேறிய எஃகுப் பட்டை

கோவை ஒப்பணக்கார வீதியில் கடை திறக்கிற நேரத்துக்குப் போய் நின்றால், ஒல்லியான பையன் ஒருவன் தன்னைவிடக் கனமான ஷட்டரை ஒரே தள்ளில் மேலே ஏற்றிவிடுவதைப் பார்க்கலாம். அந்தப் பலம் அவன் கையில் இல்லை, ஷட்டர் சுற்றிக்கொள்ளும் டிரம்முக்குள் இருக்கிறது. நடுவில் அசையாமல் பூட்டிய ஒரு குழாய், அதைச் சுற்றி உருளும் டிரம், உள்ளே சுருட்டி வைத்த எஃகுப் பட்டை, அதுதான் ஸ்பிரிங். பட்டையின் ஒரு முனை குழாயிலும் மறுமுனை டிரம்மிலும் மாட்டியிருக்கும். முந்தின ராத்திரி கொக்கிக் கம்பியால் ஷட்டரை இழுத்துச் சாத்தியபோதே பட்டை இறுகிவிட்டது. அதை முறுக்கியதில் பெரும்பங்கு இறங்கிய தகட்டின் எடைதான். அந்த ஆற்றலைத்தான் ஸ்பிரிங் காலையில் திருப்பித் தருகிறது.

ஸ்பிரிங்கை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு அது எதிர்க்கும். ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட விதி இது. அப்படியானால் பிரியப் பிரிய அதன் விசையும் குறைந்துகொண்டே வர வேண்டும். ஷட்டருக்கு இது பெரிய வசதி. முழுக்கச் சாத்தியிருக்கும்போது முழு எடையும் தொங்குகிறது, ஸ்பிரிங்கும் முழு முறுக்கில் இருக்கிறது. பாதி ஏறினால் பாதி எடைதான் தொங்கும், ஸ்பிரிங்கும் அதற்கேற்பத் தளர்ந்திருக்கும். சரியாக மாட்டிய ஷட்டர், நடுவில் கையை எடுத்தாலும் ஏறக்குறைய அங்கேயே நிற்பது இதனால்தான். ஏற்றவே தம் பிடிக்க வேண்டியிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருக்கலாம். எண்ணெய் விட்டுப் பயனில்லை, ஆளைக் கூப்பிட்டு முறுக்கேற்றச் சொல்ல வேண்டும்.

ஆற்றல் எஃகுக்குள் எங்கே போய் உட்காருகிறது? பட்டையை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் இம்மியளவு நீள்கிறது, உட்பக்கம் இம்மியளவு நெருங்குகிறது. அணுக்கள் தங்கள் இயல்பான இடைவெளியிலிருந்து விலகி, பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கின்றன. கட்டுக்கம்பியை வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும், அதில் அணு அடுக்குகளே வழுக்கி இடம் மாறிவிடுகின்றன. ஸ்பிரிங் எஃகில் கார்பன் அதிகம், சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் ஏற்றியிருப்பார்கள். அதனால் அடுக்குகள் லேசில் வழுக்குவதில்லை. சேரும் ஆற்றலோ முறுக்கின் இருமடிக்கு ஏற்பக் கூடும்: சுற்று இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. வெறுமையிலிருந்து தொடங்கி எட்டுச் சுற்று முறுக்கினால், மொத்த ஆற்றலில் முக்கால் பங்கு கடைசி நான்கு சுற்றில் ஏறியதுதான்.

ஷட்டருக்கு உதவிய அதே குணம் கடிகாரத்துக்குத் தொந்தரவு. சாவி கொடுத்த அன்று விசை அதிகம், வாரக் கடைசியில் குறைவு. அப்படியே விட்டால் முள் சில நொடியில் விர்ரென்று சுற்றி ஓய்ந்துவிடும். அதனால்தான் பெண்டுலத்தோடு ஆடும் நங்கூர வடிவத் துண்டு ஒன்று பல்சக்கரத்தை மறித்து நிற்கிறது. பெண்டுலம் ஒருமுறை போய்த் திரும்பினால் ஒரு பல் என்று அது முழுதாகத் தாண்டவிடும், தாண்டும் பல் போகிறபோக்கில் பெண்டுலத்துக்குச் சின்னத் தள்ளும் கொடுக்கும். நமக்குக் கேட்கும் டிக் டிக், அந்தப் பல் மறிபடும் சத்தம். வேகத்தை முடிவுசெய்வது பெண்டுலத்தின் நீளம், ஸ்பிரிங் செலவை மட்டும் ஏற்கிறது. எச்எம்டி ஜனதா கைக்கடிகாரத்தில் பெண்டுலத்துக்குப் பதில் சின்ன ஆடுசக்கரம், நொடிக்கு ஐந்து டிக். ஒன்றரை நாள் போல ஓட அதற்குத் தேவைப்படும் ஆற்றல் ஒரு ஜூலுக்கும் குறைவு. நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் தூக்கினால் அதைவிட அதிகம் செலவாகிவிடும். இந்தச் சிக்கனம் எனக்கு இன்னும் நம்ப முடியாததாகவே இருக்கிறது.

பழைய சுவர்க்கடிகாரத்தில் சாவித்துளை இரண்டு இருந்தால், ஒன்று நேரத்துக்கு, மற்றது மணியடிக்க. மணிப் பக்கத்துச் சக்கர வரிசையின் கடைசியில் தகட்டு விசிறி ஒன்று சுற்றும். காற்றைத் தள்ளித் தள்ளியே அது வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது கழன்றுபோனால் பன்னிரண்டு மணியும் கடகடவென்று ஒரே மூச்சில் அடித்து முடிந்துவிடும்.

பல்லடம், அவினாசி பக்கத்துப் பஞ்சாலைகளில் இதற்கு நேர்எதிராக, ஆற்றலை ஒரே வீச்சில் கொட்டிவிடும் ஸ்பிரிங் ஒன்று உண்டு. உயரழுத்த மின்சாரம் உள்ளே வரும் அறையில், மின்சாரத்தை இணைக்கவும் கோளாறு வந்தால் துண்டிக்கவும் செய்யும் பிரேக்கர் பெட்டி நிற்கும். அதற்குள் ஒரு சின்ன மோட்டார் சில நொடிகள் உறுமி, கனத்த ஸ்பிரிங்கை இறுக்கி, கொண்டியில் மாட்டிவிட்டு ஓய்ந்துவிடும். பொத்தானை அழுத்தினால் கொண்டி விலகும். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இணைப்பு விழும், அந்த வீச்சிலேயே துண்டிப்பதற்கான இன்னொரு ஸ்பிரிங்கும் இறுகிவிடும். ஷார்ட் ஆகும் நேரத்தில் மின்னழுத்தம் சரிந்துவிடும், மோட்டாரை நம்ப முடியாது. ஆனால் துண்டிக்கத் தேவையான ஆற்றல் அதற்கு முன்பே எஃகில் ஏறி நிற்கிறது, பேட்டரியிலிருந்து ஒரு சிறு துடிப்பு வந்து கொண்டியைத் தட்டினால் போதும். மோட்டாருக்கு மின்சாரமே இல்லாவிட்டாலும், பக்கவாட்டில் கைப்பிடியைப் போட்டு இறுக்கிக்கொள்ளலாம்.

பழுது பார்க்கும்போது விவரமான எலெக்ட்ரீஷியன் மெயினை அணைத்ததோடு விடமாட்டார். பிரேக்கரை ஒருமுறை போட்டு, எடுத்து, இரண்டு ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டதா என்று முகப்புச் சன்னலில் குறியைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் உள்ளே கை வைப்பார்.